மனிதகுலத்துக்குத் தொண்டை கட்டிய கதை

மனிதர்களைத் தின்னும் பிராணிகள் உலகத்தில் பல உண்டு. மனிதர்களைக் காப்பாற்றியே தீருவேன் என்று அலையும் பிராணி ஒன்றும் உண்டு. முன்னதிடமிருந்து மரத்தில் ஏறித் தப்பிக்கலாம். பின்னது மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நீங்கள் இறங்குகிற வரைக்கும் கதை சொல்லும்.

என்ன கதை? படக்கதைதான். இயந்திரங்கள் ஒருநாள் விழித்துக்கொண்டு மனிதனை அடிமையாக்குகிற படங்கள், இரும்பு உலைகள் மந்திரக் காடுகளை விழுங்குகிற படங்கள், ஊரே ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஒலிபெருக்கி சொன்னபடி பல் தேய்க்கிற படங்கள் என்று கறுப்பு வெள்ளைக் காலம் தொட்டு வந்த அத்தனையையும் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு, அவற்றைப் படம் என்று நினைக்காமல் வானிலை அறிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கும் இனம் அது.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வீட்டுக்குப் புது மிக்ஸி வந்தால் நீங்களும் நானும் ஜாரைத் தட்டிப் பார்ப்போம். அவர் பட்டன்களை எண்ணுவார். "அரைக்கிறதுக்கு ஒரு பட்டன் போதுமே. மீதி ரெண்டு எதுக்கு?" என்பார். லிஃப்ட்டில் ஏறினால், 'கதவு மூடுகிறது' என்று ஒரு பெண் குரல் சொல்லும் பாருங்கள், அதைக் கேட்டதும் பக்கத்தில் நிற்பவரின் விலாவில் இடிப்பார். "கேட்டீங்களா? மூடட்டுமான்னு கேக்கலை. மூடுகிறதுன்னு சொல்லுது. உத்தரவு!"

இந்த இனத்தில் ஒருவர் எனக்குச் சொந்தத்திலேயே வாய்த்திருக்கிறார். என் அக்காவின் கணவர். ஒரே கட்டடத்தில் அவர் மேல்வீடு, நான் கீழ்வீடு. ஒரே மூக்குக் கண்ணாடிக் கடையில் அவர் முன்னறையில் கண் பரிசோதிக்கிறார், நான் பின்னறையில் சக்கரத்தில் கண்ணாடி வில்லை தேய்க்கிறேன். தப்பிக்க ஒரு சந்துகூட இல்லாமல் விதி சுற்றிலும் வேலி அடைத்து வைத்திருக்கிறது.

அத்தானுக்கு வீட்டில் 'மனிதகுலம்' என்று பெயர். அவர் வாயைத் திறந்தால் மூன்றாவது சொல் அதுதான் என்பதால் அவருடைய மகளே வைத்த பெயர். வைத்த பிறகு அது நிலைத்துவிட்டது. "மனிதகுலம் குளிச்சுட்டு வருது, இட்டலி எடுத்து வைம்மா" என்பாள் மகள். "மனிதகுலத்துக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்லை" என்பாள் அக்கா. "மனிதகுலம் இன்னும் செருப்பு தேடிக்கிட்டிருக்கு" என்று கடைக்குத் தாமதமாகும்போது நான் சொல்வேன். அவருக்கு இதில் வருத்தம் கிடையாது. பட்டம் கொடுத்ததுபோல் பெருமைதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் படம் போடுவார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, எங்கள் எல்லோருடைய போன்களையும் வாங்கி ஒரு பாத்திரத்தில் போட்டு மூடிவிட்டு ("ஒட்டுக் கேக்கும்"), அப்புறம் டிவியை, அதாவது இருப்பதிலேயே பெரிய இயந்திரத்தை, பயபக்தியோடு போடுவார். எனக்கு இரண்டு படங்கள் மனப்பாடம். ஒன்றில் நகரத்து ஜனங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இடதுகாலை எடுத்து வைத்து நடப்பார்கள். நடுவில் ஒருவன் தும்மிவிடுவான். அந்தத் தும்மல் என்னவென்று புரியாமல் ஊரை ஆளும் இயந்திரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இன்னொன்றில் இலைச் சட்டை போட்ட காட்டுவாசிகளின் மேல் இரும்பு ராட்சதன் பாய்வான். ஒரு தாய் தாலாட்டுப் பாடுவாள். ராட்சதன் கொட்டாவி விட்டு, துருப்பிடித்து, விழுவான். அந்த இடத்தில் அத்தான் தவறாமல் அழுவார்.

அப்படி ஒருமுறை அவர் அழுதுகொண்டிருந்தபோது அக்கா ஒரு ஊறுகாய் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"என்னங்க, இந்த மூடியைக் கொஞ்சம் திறந்து கொடுங்களேன். எனக்கு மணிக்கட்டு வலிக்குது."

"உஸ்! மனுஷனோட கண்ணீருக்கு என்ன மதிப்புன்னு அங்கே சொல்லிக்கிட்டிருக்காங்க, நீ மூடியைத் தூக்கிக்கிட்டு வர்றே!"

அக்கா பாட்டிலைக் கதவு இடுக்கில் வைத்து நெருக்கித் தானே திறந்துகொண்டாள். மனிதகுலம் மூக்கைச் சிந்தியது.

வீட்டிலாவது எழுந்து போகலாம். கடையில்? கண் பரிசோதனைக்கு வருகிறவரின் மூக்கின் மேல் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் இரண்டு பக்கமும் கண்ணாடி வில்லைகளைச் செருகி, எதிர்ச்சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வது அத்தானின் வேலை. அந்தச் சட்டம் இருக்கும் கனத்தில் தலையை ஆட்ட முடியாது. எழுந்து ஓடினால் கதவு எங்கே இருக்கிறதென்று தெரியாது. இதைவிட நல்ல சபை எந்தப் பேச்சாளருக்குக் கிடைக்கும்? அட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்தவரைப் பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா" என்று வில்லையை மாற்றிக்கொண்டே, இரும்பு ராட்சதன் காட்டுக்குள் நுழைந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பார். பல் பிடுங்கப் போனவர்கள் டாக்டரிடம் "வலி போயிடுச்சு" என்று சொல்வதைவிடச் சீக்கிரமாக, வந்தவர்கள் "போதும், போதும், நல்லா தெரியுது" என்று சொல்லிவிடுவார்கள்.

இப்படி அமோகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் முதலாளியம்மா ஒரு இயந்திரம் வாங்கினார்.

வெள்ளை நிறம். ஒரு தையல் மெஷின் அளவு. அதில் தாடையை வைத்து உள்ளே பார்த்தால் ஒரு நீளச் சாலையும் அதன் கோடியில் ஒரு பலூனும் தெரியும். நாம் பலூனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கண்ணை அளந்துவிடும். பிறகு பக்கத்துத் திரையில் எழுத்துகளைக் காட்டும், ஒவ்வொரு ஆளுக்கும் வேறு வேறு எழுத்து. பேசவும் செய்யும். "தாடையை வையுங்கள். பலூனைப் பாருங்கள். கண் சிமிட்ட வேண்டாம்."

அத்தான் அதைச் சுற்றி மூன்று முறை வந்தார். வணங்குவதற்காக அல்ல.

"என்னம்மா இது?" என்றார் முதலாளியம்மாவிடம்.

"கண் பார்க்கிற மெஷின். நீங்களும் பாருங்க, அதுவும் பார்க்கட்டும். வர்றவங்க எது வேணுமோ அதுல பார்த்துக்கட்டும். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"முதல்ல எல்லாப் படத்துலயும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க."

அன்றைக்கே யுத்தம் தொடங்கியது. படங்களில் இயந்திரத்தை வீழ்த்த வழி உண்டு என்பதுதான் அவருடைய நம்பிக்கையின் அஸ்திவாரம். முதல் வழி, விடை இல்லாத கேள்வி. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதன் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"நான் சொல்றதெல்லாம் பொய். இப்போ நான் சொன்னது நிஜமா, பொய்யா?"

"தாடையை வையுங்கள்" என்றது இயந்திரம்.

"பேச்சை மாத்தாதே! முட்டை முதல்லயா, கோழி முதல்லயா?"

"பலூனைப் பாருங்கள்."

அத்தான் என் பக்கம் திரும்பி, "நழுவுது பாத்தியா? பயம் வந்துடுச்சு" என்றார்.

மறுநாள் கண்ணீர். படத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் பட்டதும் இயந்திரத்தின் உள்ளே புகை வந்து, "இது என்ன? எனக்கும் வலிக்கிறது" என்று அது கேட்க வேண்டும். அத்தான் தாடையைப் பொருத்தி, செத்துப்போன தன் பழைய நாயை நினைத்து, நிஜமாகவே அழுதார். இயந்திரம் ஒரு நொடி யோசித்தது. "கண்ணில் ஈரம் அதிகம். துடைத்துவிட்டு மீண்டும் முயலவும்" என்றது.

அடுத்து தும்மல். அது வேலை செய்யவில்லை. கண்ணாடியைத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது.

கடைசி ஆயுதம் தாலாட்டு. அத்தானுடைய குரல் தாலாட்டுக்கென்று படைக்கப்பட்டதல்ல. சொந்த மகளுக்கே அவர் பாடியபோது அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ஆனாலும் பாடினார். கண்ணை மூடிக்கொண்டு, உருகி உருகி, ஐந்து நிமிடம். கண்ணைத் திறந்து பார்த்தால் இயந்திரத்தின் திரை இருண்டு கிடந்தது.

"தூங்கிட்டான்!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். "தூங்கிட்டான்! மனிதகுலம் ஜெயிச்சுடுச்சு!"

முதலாளியம்மா தலையைத் தூக்காமல் சொன்னார்: "மூணு நிமிஷம் யாரும் தொடலைன்னா அது தானா அணைஞ்சுடும். கரண்ட் மிச்சம்."

நீங்களாக இருந்தால் அங்கே விட்டிருப்பீர்கள். அத்தான் விடவில்லை. தொட்டால் விழிக்கிறது, பாடினால் தூங்குகிறது என்றால் இன்னும் கொஞ்சம் பாடினால் நிரந்தரமாகத் தூங்கும் என்று கணக்குப் போட்டு, ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் உச்சக் குரலில் தாலாட்டினார். எட்டாம் நாள் காலையில் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

தொண்டை டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. மீறிப் பேசினீங்கன்னா ரெண்டு மாசத்துக்குக் குரலே வராது" என்றார்.

கூடப் போயிருந்த அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "ரெண்டு மாசமா டாக்டர்? நிச்சயமாவா?"

இப்படியாக மனிதகுலம் மௌனமானது. கையில் ஒரு நோட்டும், கழுத்தில் கயிறு கட்டிய பேனாவும். கடைக்கு வருகிறவர்களிடம், 'தொண்டை சரியில்லை, பேச இயலாது' என்று எழுதியதைக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அரைமணி நேரம் ஆகிற பரிசோதனை ஏழு நிமிடத்தில் முடிந்தது. முதலாளியம்மா கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார்.

இதிலே எதிர்பாராத விஷயம், வந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அத்தானுக்கு இது புது அனுபவம். தையல்காரம்மா ஒருவர் மூன்று வருஷமாக ஊசியில் நூல் கோத்தாலே தலை வலிக்கிறது என்றார். 'அப்போதே சொல்லியிருக்கலாமே' என்று அத்தான் எழுதிக் காட்டினார். "சொல்லத்தான் ஐயா வந்தேன். நீங்க அந்த ராட்சதனைக் காட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டிருந்தீங்க. நடுவுல எப்படிப் பேசறதுன்னு விட்டுட்டேன்." அத்தான் பேனாவை மூடிவிட்டு, வில்லைப் பெட்டியை இழுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நாலாம் நாள் காலையில் முதல் ஆளாகப் பள்ளிக்கூட வேன் டிரைவர் வந்தார். ஐம்பது வயது, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, எல்லோருக்கும் ஒரு வணக்கம். ஒரு வருஷத்துக்கு மேலாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் கடைக்கு வந்து, பார்வை நன்றாக இருக்கிறது என்று எங்களிடம் ஒரு சீட்டு வாங்கிப் பள்ளிக்கூடத்தில் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிடுவார். அத்தானுக்கு அவர் மேல் தனிப் பிரியம். கதையை முழுசாகக் கேட்கும் ஒரே ஆள்.

"புது மெஷின் வந்திருக்கு, அதுல பார்த்துடலாமா?" என்று முதலாளியம்மா கேட்டார்.

டிரைவர் இரண்டு கையையும் ஆட்டினார். "ஐயோ, மெஷினெல்லாம் வேணாம்மா. அதுல ஒவ்வொருத்தருக்கும் எழுத்து மாறும்னு பேசிக்கிறாங்க. என்ன இருந்தாலும் மனுஷன் பார்க்கிற மாதிரி வருமா? எனக்கு சார்தான் பார்க்கணும்."

உள்ளேயிருந்து இதைக் கேட்ட அத்தானின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பேச முடிந்திருந்தால் அன்றைக்கு அங்கே ஒரு மாநாடே நடந்திருக்கும். கூட்டிப்போய் உட்கார வைத்து, சட்டத்தை மாட்டி, வில்லையைச் செருகி, வழக்கம்போல் அட்டைக்கு முதுகு காட்டி முக்காலியில் உட்கார்ந்தார். நான் ஒரு மூக்குக் கண்ணாடி பிரேம் கேட்பதற்காக அந்த அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

டிரைவர், யாரும் படிக்கச் சொல்லாமலே, கடைசி வரியைப் படித்தார். "ட, ம, ப, ல, ய."

பிசிறில்லாமல். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி.

சொல்லக் கதை இல்லாததாலோ என்னவோ, அத்தான் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஆள் படிக்கும்போது திரும்பி அட்டையைப் பார்த்தார்.

அட்டை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் கடை பெருக்கும் அம்மா அதைக் கழற்றித் துடைத்துவிட்டு அவசரத்தில் அப்படி மாட்டியிருக்கிறார். பொடி எழுத்தெல்லாம் உச்சிக்குப் போய்விட்டது. கடைசி வரி இருக்க வேண்டிய இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, ஒரே ஒரு எழுத்து காலை மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

அத்தான் மெல்ல எழுந்தார். நோட்டை எடுத்து, 'அட்டை தலைகீழாக இருக்கிறது' என்று எழுதி டிரைவரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

டிரைவர் அதைப் பார்த்துப் புன்னகை செய்தார். "ரொம்ப நன்றி சார்."

அத்தான் தாளைத் திருப்பி, இன்னும் பெரிதாக, 'உங்களுக்கு எவ்வளவு நாளாகப் பார்வை தெரியவில்லை?' என்று எழுதினார்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியம் சார்" என்றார் டிரைவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. கடை வாசலில் அவருடைய மஞ்சள் வேன் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார்.

அடுத்து அத்தான் செய்ததைப் பார்க்காமல் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். சட்டத்தைக் கழற்றிவிட்டு, டிரைவரின் கையைப் பிடித்து, ஒரு வாரமாக எதை ஒழிக்கத் தொண்டையைக் கொடுத்தாரோ அந்த வெள்ளை இயந்திரத்தின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். டிரைவர் தடுமாறினார். "எதுக்கு சார் இது? நான்தான் எல்லாத்தையும் சரியா சொல்லிட்டேனே?" அத்தான் அவர் பின்னந்தலையில் கை வைத்து, குழந்தைக்குத் தலை துவட்டுகிற பதத்தில், முன்னால் சாய்த்தார்.

"தாடையை வையுங்கள்" என்றது இயந்திரம். "பலூனைப் பாருங்கள்."

ஒன்றும் நடக்கவில்லை.

"பலூனைப் பாருங்கள்."

"எந்தப் பலூன் சார்?" என்று டிரைவர் கேட்டார். அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "எல்லாம் பால் ஊத்தின மாதிரி இருக்கு சார்."

'அளவு எடுக்க முடியவில்லை. கண் மருத்துவரை அணுகவும்' என்றது இயந்திரம்.

டிரைவர் தாடையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து சொன்னார். ஒன்றரை வருஷமாக இப்படி. முதலில் ஒரு கண், பிறகு இரண்டும். வெளியே சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். வேறு தொழில் தெரியாது. கடையில் உட்கார்ந்திருக்கும்போது முன்னால் போனவர்கள் படிக்கிறதைக் கேட்டுக் கேட்டு அட்டை முழுவதும் மனப்பாடம். "சார் கதை சொல்லிக்கிட்டு இருப்பாரு, நான் பாட்டுக்கு ஒப்பிச்சுட்டுப் போயிடுவேன்" என்றார். அத்தானைக் குறை சொல்வதாகக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அப்புறம் எப்படி ஓட்டறீங்க?" என்று கேட்டது நான்தான்.

"பாதை எனக்கு அத்துப்படி தம்பி. பத்தொன்பது வருஷமா அதே ரோடு. மெதுவாத்தான் போவேன். முன் சீட்டுல ஒரு பொண்ணு உக்காந்துக்கும், ரெண்டாங் கிளாஸ். 'மாமா சிவப்பு, மாமா நாய், மாமா சைக்கிள்'னு சொல்லிக்கிட்டே வரும். அது விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு." இஸ்திரி கலையாத சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கெட்டிக்காரப் பொண்ணு சார். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை."

முதலாளியம்மா கடை வாசலுக்குப் போய் அந்த மஞ்சள் வேனை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

அத்தான் நோட்டை எடுத்தார். எழுதி எழுதிப் பார்த்தார். 'இது கண்புரைதான், எடுத்துவிடலாம்' என்று ஒரு தாள், 'பயப்படாதீர்கள்' என்று ஒரு தாள், கடைசியில் 'குணமாகும்' என்று ஐந்தே எழுத்துகளை ஒரு பக்கம் முழுவதும் நிரப்பி அவர் மூக்குக்கு முன்னால் ஆட்டினார். டிரைவர் ஆளே இல்லாத பக்கம் பார்த்து அழுதுகொண்டிருந்தார். "முடிஞ்சுதா சார்? கண்ணு போயிடுச்சா? ஏன் சார் யாரும் பேச மாட்டேங்கறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தவளை ஒன்று பேசியது.

"புரைதான்யா. எடுத்துடலாம். நான் கூட வர்றேன்."

அத்தானின் தொண்டையிலிருந்துதான் வந்தது. ரெண்டு மாசத்துக்குக் குரல் வராது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்திருக்கும், எனக்குத் தெரியும். அவர் குரலை எவ்வளவு நேசிக்கிறார் என்றும் எனக்குத் தெரியும்.

டிரைவர் அந்தத் தவளைச் சத்தம் வந்த பக்கமாகத் திரும்பி, பாக்கெட்டிலிருந்து வேன் சாவியை எடுத்து, காற்றில் நீட்டினார்.

அன்று சாயங்காலம் வேனை ஓட்டியது முதலாளியம்மா. பதினாலு பிள்ளைகளையும் வீடு வீடாக இறக்கிவிட்டு வந்தார். முன் சீட்டுப் பெண் வழியெல்லாம் "அத்தை சிவப்பு, அத்தை நாய்" என்று சொல்லிக்கொண்டே வந்ததாம். "எனக்கே தெரியுதும்மா" என்று இவர் சொல்ல, "பரவாயில்ல அத்தை, மாமாவும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்க" என்றதாம். பள்ளிக்கூடத்துக்கும் முதலாளியம்மாவே விஷயத்தைச் சொன்னார். அவர்கள் தாம்தூம் என்று குதித்துவிட்டு, கண் சரியான பிறகு டாக்டர் சீட்டோடு வந்தால் முதலில் பொருள் ஏற்றும் வண்டியைக் கொடுத்துப் பார்ப்போம், பிள்ளைகளை அப்புறம் யோசிப்போம் என்று முடித்தார்கள். அதுவே பெரிய மனசுதான்.

ஒரு கண்ணுக்கு இரண்டு வாரம், இன்னொன்றுக்கு இரண்டு வாரம். இரண்டு தடவையும் அத்தான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறுவை சிகிச்சை செய்தது டாக்டரும் ஒரு இயந்திரமும் சேர்ந்துதான் என்று நர்ஸ் சொன்னபோது நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தான் கூரையைப் பார்த்தார். கட்டு அவிழ்த்ததும் டிரைவர் முதலில் பார்த்த முகம் அவருடையதுதான்.

"நீங்களா சார்?" என்று டிரைவர் உற்றுப் பார்த்தார். "குரலை வெச்சு ஒல்லியா இருப்பீங்கன்னு நினைச்சிருந்தேன்."

இதற்கிடையில், வாக்கை மீறியதற்கு டாக்டர் சொன்ன தண்டனை அப்படியே நிறைவேறியது. இரண்டு மாதம் அத்தானுக்குக் குரல் இல்லை. அந்த இரண்டு மாதத்தில் அவர் தன் வீட்டைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டார். அக்கா வேலை பார்க்கும் அச்சகத்தில் போன வருஷமே அவள் மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள். மகள் படிப்பது அவர் நினைத்துக்கொண்டிருந்த பாடம் இல்லை. மேசையில் நாலு பேர் சாப்பிடும்போது மற்ற மூன்று பேருக்கும் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது. அக்கா ஒருநாள் என்னிடம், "நேத்து நான் பேசப் பேச முழுசா கேட்டாருடா. நடுவுல எனக்கே சொல்ல ஒண்ணும் இல்லாம போச்சு. பழக்கமில்லே பாரு" என்றாள்.

பிறகு குரல் வந்தது.

மனிதர் திருந்தியிருப்பார் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். நானும் எதிர்பார்த்தேன். நமக்கெல்லாம் ஆசைக்கு அளவே கிடையாது. இப்போது அவர் இரும்பு ராட்சதன் கதையை விட்டுவிட்டார், உண்மைதான். அதற்குப் பதிலாக இந்தக் கதையைச் சொல்கிறார். அதில் இயந்திரம் ஏமாந்துபோய்விடுகிறது. ஒரு மனிதனின் கூர்மையான கண் மட்டும் உண்மையைக் கண்டுபிடிக்கிறது. அட்டையை அவர் கதையில் அவரே வேண்டுமென்று தலைகீழாக மாட்டி வைக்கிறார். பிள்ளைகள் பதினாலிலிருந்து இருபத்தெட்டாகி, போன வாரம் கேட்டபோது நாற்பதைத் தொட்டிருந்தார்கள். அந்த வேனில் எப்படி உட்கார்ந்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். நான் தேய்ப்புச் சக்கரத்தை நிறுத்திவிட்டு, "அத்தான், பலூன் தெரியலைன்னு கண்டுபிடிச்சது அந்த மெஷின்தானே?" என்றேன்.

"மெஷின் கண்டுபிடிச்சுதா? அது கைவிரிச்சுடுச்சுடா! 'முடியவில்லை'ன்னு சொன்னதை நீயே கேட்டியே!"

ஒரே ஒரு முன்னேற்றம். ஆளை உட்கார வைத்ததும், அட்டையைப் பார்த்தபடி நின்றுகொண்டு, முழுவதும் படிக்கவிட்டு, வேறு என்ன தொந்தரவு என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்ட பிறகுதான் கதையை ஆரம்பிக்கிறார். சட்டத்தை மட்டும் கழற்றுவதில்லை. கழற்றினால் ஓடிவிடுவார்கள்.

நீங்கள் இதையெல்லாம் படித்துச் சிரித்திருப்பீர்கள். உங்களுக்கு இந்த இனத்தோடு சம்பந்தமில்லை. நீங்கள் படத்தைப் படமாகப் பார்க்கிறவர், மிக்ஸி பட்டனை எண்ணாதவர், அடுத்தவர் பேச இடம் விடுகிறவர். படிக்கப் படிக்க உங்களுக்கு ஒரு மாமாவோ, ஒரு அலுவலக நண்பரோ நினைவுக்கு வந்திருப்பார். இந்தப் பக்கத்தை மடித்து, 'உங்களுக்குப் பிடிக்கும், படிச்சுப் பாருங்க' என்று அவரிடம் நீட்ட வேண்டுமென்று கை துறுதுறுத்திருக்கும். தாராளமாகக் கொடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இதைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? கொடுக்கும்போது அவர் ஏன் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்?